செவ்விலக்கியம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? இராமநாதபுரக் கரைப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ முடிவு வெளிவந்த மறுவாரம் மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி எனக் கரையோர ஊர்களிலிருந்து பெற்றோர் சிலர் பிள்ளையை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். பிள்ளைக்குத் தமிழில் நல்ல மதிப்பெண் இருக்கும். பழைய பாட்டில் ஈடுபாடும் இருக்கும். தகப்பனார் சிறிது நேரம் பொதுவாகப் பேசிவிட்டு, "எல்லாம் சரி சார், இதப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார். கடலில் உழைத்த காசைக் கல்லூரிக் கட்டணமாகக் கட்டப்போகிறவர் அதைக் கேட்காமல் வேறு யார் கேட்பது? இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கரையில் கல்லூரி மாணவருக்குத் தமிழ் கற்பித்து வருகிறேன். திண்ணையில் சொல்லும் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேலை கிடைக்கும். ஆனால் பட்டச் சான்றிதழ் அதைத் தேடித் தராது. பழைய நூலை எழுத்தெழுத்தாக, சொல்சொல்லாகப் படித்து, ஐயத்தை ஐயமாகவும் தெளிவைத் தெளிவாகவும் எடுத்துச் சொல்லும் பயிற்சி ஒன்று. அதனோடு முதலாண்டிலேயே தொடங்கிய இன்னொரு தொழில்திறன் ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்த பிள்ளை வேலையின்றி நின்றதை நான் கண்டதில்லை. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தடுமாறியவர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

எந்தப் படிப்பைச் சொல்கிறோம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 'கிளாசிக்ஸ்' என்றால் கிரேக்கமும் இலத்தீனும், அம்மொழிகளில் எழுதப்பட்ட இலக்கியம், வரலாறு, தத்துவம், சட்டம், கலை ஆகியவையும் சேர்ந்த ஒரே படிப்பு. நம் நாட்டில் அந்த இடத்தில் நிற்பவை நம்முடைய செம்மொழிகள். 2004 அக்டோபரில் இந்திய அரசு முதன்முதலாகச் செம்மொழி என்று அறிவித்தது தமிழைத்தான். மறு ஆண்டு வடமொழியும், அதன் பின்னர் மற்ற மொழிகளும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. சென்னையில் இயங்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் தொல்காப்பியம், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, பதினெண்கீழ்க்கணக்கு, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலாக 41 நூல்களைத் தன் ஆய்வின் அடித்தளமாகக் கொண்டிருக்கிறது. இந்த வழிகாட்டியில் செவ்விலக்கியப் படிப்பு என்று நான் சொல்வது முதன்மையாக இந்த நூல்களை மூலத்தில் படிப்பதை. கிரேக்கமும் இலத்தீனும் நமக்கு வேண்டாதவை என்று எண்ணிவிட வேண்டாம். இந்தக் கரைக்கும் அவற்றுக்கும் உள்ள உறவைப் பின்னால் சொல்கிறேன்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

வழிகள் இரண்டு. ஒன்று, ஊரை ஒட்டிய கலை அறிவியல் கல்லூரியில் தமிழ் இளங்கலை. இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரி போன்ற இம்மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறைவு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அந்தத் தொகை பெரிய உதவி.

மற்றது, லிபரல் ஆர்ட்ஸ் என்னும் முறையில் நடக்கும் கல்லூரி. அங்கே முதல் ஓரிரு ஆண்டுகளில் மாணவர் இலக்கியம், கணிதம், பொருளியல், தத்துவம் என்று பலவற்றையும் தொட்டுப் படித்துவிட்டு, பிறகுதான் முதன்மைப் பாடத்தைத் தெரிவு செய்கிறார். அமெரிக்காவில் இது நான்காண்டுப் படிப்பு. வகுப்பில் மாணவர் எண்ணிக்கை சிறிது, எழுத்துப் பயிற்சி மிகுதி. இந்தியாவில் அரியானாவின் சோனிப்பட்டில் உள்ள அசோகா பல்கலைக்கழகமும், சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் உள்ள கிரியா பல்கலைக்கழகமும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. கட்டணம் நம்மால் எண்ணிப்பார்க்க முடியாத அளவு பெரிது என்றாலும், குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை தரும் ஏற்பாடு உண்டு. கட்டணத்தைப் பார்த்தவுடன் தாளை மூடிவிடாமல், உதவித்தொகைக்கான விண்ணப்பத்தையும் சேர்த்தே படித்துப் பார்க்கச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவராயினும் பணம் கட்ட இயலுமா என்று பார்க்காமல் தகுதியை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டு, தேவையான உதவியை முழுமையாகத் தருகிறார்கள். போட்டி மிகக் கடுமை. பத்தாம் வகுப்பு முடிந்த உடனே ஆங்கில எழுத்துப் பயிற்சியைத் தொடங்கிய பிள்ளைக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். ஆக்ஸ்போர்டில் கிளாசிக்ஸ் நான்காண்டுப் படிப்பு. பள்ளியில் கிரேக்கமோ இலத்தீனோ படிக்காதவர்களும் அங்கே சேர்ந்து முதலிலிருந்து கற்க முடியும்.

நம் கரையில் பெரும்பாலான பிள்ளைகள் முதல் வழியில்தான் செல்வார்கள். அதில் குறைவொன்றும் இல்லை. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி தன் மாணவருக்குக் கொடுக்கும் பரந்த படிப்பை, உள்ளூர்க் கல்லூரி மாணவர் தம் முயற்சியால் அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதே வேறுபாடு. அதற்காகச் சேரும் முன்பே துறையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சங்கப் பாடல்களை உரைநூலோடு மூலத்தில் நடத்துகிறார்களா, குறிப்புத்தாளை மட்டும் நடத்துகிறார்களா? நூலகத்தில் மாணவர் கையால் எடுத்துப் பார்க்கும்படி தமிழ்ப் பேரகராதித் தொகுதிகள் இருக்கின்றனவா? களப்பயணம் ஆண்டுக்கு எத்தனை? பதில் மனநிறைவு தராவிட்டாலும் சேரலாம். எது அங்கே கிடைக்காது என்று தெரிந்துகொண்டு சேர்வது நல்லது.

ஒரு பாட்டை எப்படிப் படிப்பது

படிப்பின் உயிர் இதில் இருப்பதால் சற்று நிதானமாகவே சொல்கிறேன். அகநானூற்றின் 70ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். மதுரைத் தமிழ்க் கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய நெய்தல் பாட்டு. அதன் தொடக்கம் இது:

கொடுந்திமில் பரதவர் வேட்டம் வாய்த்தென
இரும்புலாக் கமழும் சிறுகுடிப் பாக்கத்துக்
குறுங்கண் அவ்வலைப் பயம் பாராட்டிக்
கொழுங்கண் அயிலை பகுக்கும் துறைவன்

முதலில் உரையைப் பார்க்காமல் பாட்டை நான்கு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் சொற்களைப் பிரித்து எழுத வேண்டும். 'குறுங்கண்' என்ற இடத்தில் நகரத்துப் பிள்ளை தடுமாறி, சிறிய விழி என்று பொருள் சொல்லக்கூடும். வலை பின்னுகிற வீட்டுப் பிள்ளைக்குத் தடுமாற்றம் இல்லை; வலைக்கண் என்று இன்றும் வீட்டில் சொல்வதுதான் அது, நெருக்கமான கண்ணுடைய வலை. என் வகுப்பில் ஒரு மாணவி, அதுவரை வாய் திறவாதிருந்தவள், இந்த ஒரு சொல்லுக்கு எழுந்து நின்று, தன் அப்பா எந்த மீனுக்கு எத்தனை விரல் கண் வலை எடுத்துப்போவார் என்று பத்து நிமிடம் விளக்கினாள். அன்றைக்கு அந்த வகுப்பில் ஆசிரியர் அவள்தான்.

அடுத்து 'அவ்வலை'. இதை அ என்னும் சுட்டும் வலையும் சேர்ந்ததாகக் கொண்டால் 'அந்த வலை'. அம் என்னும் உரிச்சொல்லும் வலையும் சேர்ந்ததாகக் கொண்டால் 'அழகிய வலை'. 'அவ்வாங்கு உந்தி' போன்ற தொடர்களில் அம் என்பது இப்படி உருமாறி வருவதைக் காட்டி, உரையாசிரியர் வழியில் 'அழகிய' என்று கொள்ளலாம். இரண்டு பொருளையும் எழுதி, எதை ஏற்கிறோம், ஏன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்து 'அயிலை'. மீன்வகை என்று அகராதி சொல்லும். மலையாளக் கரையில் 'அயல' என்றால் நாம் கானாங்கெளுத்தி என்கிற மீன். பாட்டில் வரும் அயிலையும் அதுதானா? ஒலி ஒத்திருக்கிறது என்பது ஒரு சான்று. அது ஒன்றே போதிய சான்றாகிவிடாது. அந்த மீன் வேறு பாடல்களில் வருகிறதா, எந்த நிலத்தில், எந்த அடையோடு வருகிறது என்று தேட வேண்டும். இப்படித் தேடிய மாணவர், முடிவு எதுவானாலும், சான்றை எடைபோடக் கற்றுவிடுகிறார்.

அதே பாட்டின் இறுதிப்பகுதி நம்முடைய கரைக்கே வருகிறது. தலைவியின் காதலைப் பற்றி ஊர்ப் பெண்கள் முன்பு அலர் தூற்றினார்கள்; மணம் முடிந்ததும் ஆரவார ஊர் அடங்கிப்போயிற்று. எதைப்போல? பாண்டியரின் 'தொன்முது கோடி'யில், அலை ஒலிக்கும் துறையில், இராமன் அருமறைக்காக ஒலி அவித்த, பல விழுதுகளையுடைய ஆலமரத்தைப்போல. இந்தக் கோடியைத் தனுஷ்கோடி என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். கிரேக்க மொழியில் புவியியல் எழுதிய தாலமி இப்பகுதியில் குறிப்பிடும் 'கோரு' என்ற நிலமுனையையும் இதனோடு சேர்த்து எண்ணுவர். அகநானூற்றைப் படிக்கும் பிள்ளைக்குத் தாலமி எதற்கு என்ற கேள்விக்கு இந்த இடமே விடை.

ஊர்ப்பெருமை கண்ணை மறைத்துவிடக் கூடாது என்பதற்கும் இந்தக் கரையிலேயே பாடம் உண்டு. சங்கப் பாடல்களில் தொண்டி என்று கண்டவுடன் நம் தொண்டி என்று மகிழ்ந்துவிடுவார்கள். அவற்றில் பெரும்பாலானவை மேலைக்கரையில் இருந்த சேரரின் தொண்டி. ஆனால் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில், தொண்டியோர் கப்பல்களில் கொண்டுவந்த அகிலும் துகிலும் ஆரமும் கருப்பூரமும் மணக்கக் 'கொண்டல்' மதுரைக்குள் வருவதாக இளங்கோ பாடுகிறார். கொண்டல் எந்தத் திசைக்காற்று என்று நம் கரையில் எந்த மீனவரையும் கேளுங்கள். கிழக்கிலிருந்து வீசுவது என்பார். அப்படியானால் இது மதுரைக்குக் கிழக்கே உள்ள தொண்டி. ஒரு காற்றின் பெயரைக்கொண்டு இரண்டு ஊர்களைப் பிரித்தறிகிறோம். வழக்கறிஞர் ஆவணத்தில் செய்வதும், தணிக்கையாளர் கணக்கில் செய்வதும், செய்தியாசிரியர் தகவலைச் சரிபார்ப்பதும் இதே வேலைதான்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு பாட்டு. ஒவ்வொன்றுக்கும் சொற்பிரிப்பு, பொருள், ஐயம், சான்று, சொந்த உரைநடை, அதன் ஆங்கில மொழியாக்கம். மூன்றாண்டு முடிவில் முந்நூறு பாட்டுக்குக் குறிப்பேடு இருக்கும். நான் கற்பித்தவர்களில் இதை இடைவிடாமல் செய்தவர்கள் சிலரே; அந்தச் சிலரைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கவலைப்பட நேரவில்லை.

கரையே பாடநூல்

இராமநாதபுரத்துப் பிள்ளைக்கு மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு பேறு உண்டு. வைகை கடலில் சேரும் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 1980களிலிருந்து அங்கே பலமுறை அகழ்ந்து, உரோமக் காசுகள், மத்தியதரைக்கடல் பகுதியின் மதுச்சாடித் துண்டுகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானையோடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஆகியவற்றை எடுத்திருக்கிறது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. செங்கடல் ஓரத்தில் எகிப்தின் குசெய்ர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் 'பானை ஒறி' (உறியில் வைத்த பானை) என்று தமிழில் எழுதிய ஓடு கிடைத்தது. சேரநாட்டுத் துறைமுகமான முசிறியிலிருந்து போன சரக்கைப் பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய 2ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம், பாப்பிரஸ் தாளில், வியன்னா நூலகத்தில் இருக்கிறது. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று (கறி என்றால் மிளகு) அகநானூறு 149 சொல்வதன் மறுபக்கத்துக் கணக்கு அது. 1ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்புளுஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளித்தலைப் பேசுகிறது.

இவற்றையெல்லாம் மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கலாம். கிரேக்க மூலமும் எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலமுமாக அச்சிடும் லோப் வரிசை நூல்கள் பெரிய நூலகங்களில் உண்டு. பெர்சியஸ் என்ற இணைய நூலகத்தில் மூலங்களைச் சொல்லுக்குச் சொல் விளக்கத்தோடு இலவசமாகவே படிக்கலாம். கிரேக்க எழுத்துகளை அடையாளம் காண ஒரு மாதம் போதும். இரு செவ்வியல் உலகங்களையும் கற்றவர் என்ன செய்யலாம் என்பதற்குத் தனிநாயகம் அடிகளைச் சொல்வேன். ஈழத்தில் பிறந்து, உரோமையில் குருத்துவக் கல்வி முடித்து, ஐரோப்பிய மொழிகளோடு தமிழகத்துக்கு வந்த பிறகே சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தவர் அவர். 1964இல் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவரும் அவரே.

கீழக்கரைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் நூல்களைச் சரளமாகப் படிக்கத் தெரிந்த இளையோர் இன்று மிகக் குறைவு. மதரசாவில் அரபு எழுத்தும் கல்லூரியில் பழந்தமிழும் படித்த பிள்ளையிடம் இரண்டு சாவியும் சேர்ந்தே இருக்கின்றன. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதியின் ஊர் அது. அங்கே வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் கையெழுத்துப் படிகளைப் பட்டியலிடுவதே ஒருவரின் ஆய்வு வாழ்வுக்குப் போதுமான பணி. எனக்கு இதில் மிகுந்த ஆதங்கம் உண்டு. அந்தத் தாள்கள் உப்புக்காற்றில் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருக்கின்றன.

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு முதலாண்டிலேயே ஒருமுறை போய்வாருங்கள். சுவரோவியங்களை வெறுமனே பார்த்துவிட்டு வராமல், ஒவ்வொன்றிலும் உள்ள எழுத்தை நோட்டில் படியெடுங்கள். திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை கோயில்களில் கல்வெட்டு எழுத்தோடு கண்ணைப் பழக்கலாம். சாய்ந்த வெயில் விழும் காலை வேளையில் எழுத்தின் குழிவு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது திறன்

நான் முதுகலை முடித்த ஆண்டு, சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு நேர்முகத்துக்குப் போனேன். "என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். பதினெண்மேற்கணக்கும் நன்னூலும் தெரியும் என்றேன். ஒரு மெய்ப்புத் தாளை (அச்சுக்கு முன் பிழை திருத்தும் படியை) எடுத்து முன்னே வைத்தார்கள். அதில் ஒற்றுப் பிழைகள் என் கண்ணில் பட்டன. ஆனால் மெய்ப்புத் திருத்தக் குறியீடு ஒன்றுகூட எனக்குத் தெரியாது, கணினியில் தமிழ் தட்டச்சும் தெரியாது. வேலை கிடைக்கவில்லை. என் படிப்பில் பிழையில்லை. படிப்பைக் கையில் எடுத்துக் கொடுக்கும் கருவிதான் என்னிடம் இல்லை. இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய அந்தக் கருவிக்காக மேலும் ஓராண்டு காத்திருந்தேன். என் மாணவர் யாருக்கும் அது நேரக் கூடாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முதலாண்டில் தமிழ்99 விசைப்பலகை. பத்து விரலாலும், விசையைப் பார்க்காமல். அதோடு ஆங்கிலத்தில் வாரம் ஒரு பக்கம் எழுதுவது. இரண்டாமாண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்: மெய்ப்பும் பதிப்பும், மொழிபெயர்ப்பு, கல்வெட்டு எழுத்து, கணினி நிரல், போட்டித் தேர்வு. எல்லாவற்றையும் தொட வேண்டாம். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவருக்குக் கிடைக்கும் பயிற்சிகளில் உங்கள் தெரிவுக்குப் பொருந்துவதை எடுங்கள்.

கணினியையும் பழந்தமிழையும் சேர்த்துச் சொன்னால் பெற்றோர் வியப்பார்கள். முந்திரி, மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறியீடுகள் 2019இல்தான் கணினி எழுத்துகளுக்கான உலகத் தரமான யூனிகோடில் இடம்பெற்றன. அந்தக் குறிகளை ஓலையிலும் கணக்கேட்டிலும் அடையாளம் கண்டு விளக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அது நடந்தது. ஓலைச்சுவடி எண்ணிமமாக்கம், அகராதித் தரவு, மொழிபெயர்ப்பு மென்பொருள், பேச்சறி மென்பொருள் என எதை எடுத்தாலும் சந்தி பிரிக்கத் தெரிந்த, பகுதி விகுதி அறிந்த ஆள் தேவைப்படுகிறார். பைத்தான் மொழியை அடிப்படை அளவில் கற்ற தமிழ் மாணவருக்கு அங்கே இடமுண்டு. கணினித் துறையில் இன்றும் பயன்படும் 'குவிக்சார்ட்' என்ற வரிசையாக்க முறையைக் கண்டுபிடித்து, 1980இல் அத்துறையின் உயரிய விருதான டூரிங் விருதைப் பெற்ற டோனி ஹோர், ஆக்ஸ்போர்டில் கிரேக்கமும் இலத்தீனும் தத்துவமும் படித்து வந்தவர்.

எங்கெங்கே வேலை

ஆசிரியப் பணியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்குப் பி.எட்., அதன் மேல் தகுதித் தேர்வோ ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வோ; கல்லூரிக்கு முதுகலையும், நெட் அல்லது செட் என்னும் விரிவுரையாளர் தகுதித் தேர்வு அல்லது முனைவர் பட்டமும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி பெற்றுவிட்டால், முனைவர் பட்டம் படிக்கும் காலத்தில் வீட்டுக்குச் சுமையாக இருக்க நேராது. இந்த வழி நீளமானது, காத்திருப்பு மிகுந்தது. இதை மட்டும் நம்பிப் படிப்பில் சேர வேண்டாம்.

அரசுத் தேர்வுகளில் தமிழ் மாணவருக்குள்ள வலிமையைப் பலர் உணர்வதில்லை. டிஎன்பிஎஸ்சி நான்காம் தொகுதித் தேர்வில் 100 தமிழ் வினாக்களுக்கு 150 மதிப்பெண். அதில் 60 பெறாதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. முதல் இரண்டு தொகுதிகளிலும் முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித்தாள் உண்டு. குடிமைப் பணித் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணில் இரண்டு தாள். அதன் பாடத்திட்டத்தில் குறுந்தொகையின் முதல் 25 பாடல்களும், சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டமும் இருக்கின்றன. மற்றவர்கள் பயிற்சி நிலையத்தில் புதிதாகப் படிக்கிற பகுதி உங்களுக்கு வகுப்பறையில் பழகியதாக இருக்கும். ஆட்சிப் பணியும் பழந்தமிழும் ஒன்றாகச் செல்ல முடியுமா என்றால், ஐராவதம் மகாதேவனைப் பாருங்கள்; ஐ.ஏ.எஸ். அதிகாரியாகப் பணியாற்றி, தினமணியின் ஆசிரியராக இருந்து, தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை ஒழுங்குபடுத்திய பெருநூலை 2003இல் வெளியிட்டார்.

தொல்லியலில் நாட்டமுள்ளவர், முதுகலைக்குப் பிறகு மாநிலத் தொல்லியல் துறை உதவித்தொகையோடு நடத்தும் ஈராண்டுப் பட்டயப் படிப்பை நோக்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுக்கென்றே துறை இருக்கிறது. சுவடியில் நாட்டமுள்ளவருக்குச் சென்னையின் அரசு கீழ்த்திசைச் சுவடி நூலகம், உ.வே.சா. நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் ஆகியவற்றைத் தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் பல்கலைக்கழகத்திலும் தமிழ் ஆய்வு நடக்கிறது; அங்கே போக விரும்புவோர் வடமொழியையும் ஓர் ஐரோப்பிய மொழியையும் இப்போதே தொடங்க வேண்டும்.

பதிப்பகம், நாளிதழ், தொலைக்காட்சி, விளம்பர எழுத்து, திரைப்படத் துணைத்தலைப்பு, நீதிமன்ற ஆவண மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் பிழையற்ற இருமொழி எழுத்துக்குத் தட்டுப்பாடு இருந்துகொண்டே இருக்கிறது. பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். ஊரை விட்டுப் போக இயலாதவர் இராமேசுவரத்துக்கு வரும் பயணிகளுக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியாகலாம். தலவரலாற்றை ஒப்பிப்பதோடு நில்லாமல், கல்வெட்டைப் படித்துக் காட்டத் தெரிந்த வழிகாட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நேர்முகத்தில் பேசும் முறை

"நீங்கள் படித்தது எங்கள் வேலைக்கு எப்படி உதவும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். தமிழின் தொன்மையைப் பேசத் தொடங்கிவிடாதீர்கள். கேட்பவர் உங்கள் கையால் செய்த வேலையைப் பார்க்க விரும்புகிறார். குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். தொண்டியையும் கொண்டலையும் எடுத்துக்காட்டி, இரண்டு ஊர்களை எந்தச் சான்றால் பிரித்தேன், எங்கே ஐயம் மிஞ்சுகிறது என்று மூன்று நிமிடத்தில் சொல்லுங்கள். மொழிபெயர்த்த பத்துப் பக்கம், மெய்ப்புத் திருத்திய ஐந்து பக்கம், படியெடுத்த ஒரு கல்வெட்டு ஆகிய இவை போதும். தன்விவரக் குறிப்பில் 'தமிழ் ஆர்வம்' என்று எழுதுவதைவிட, 'அகநானூற்றுப் பாடல்கள் நாற்பதை உரைநடையாக்கி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறேன்' என்று எழுதுவது பத்து மடங்கு வலியது.

இந்த ஆண்டு சேரப்போகிறவர்களுக்கு

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையவழியில்தான். பிளஸ் டூ முடிவையொட்டியே தொடங்கிவிடும் என்பதால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கோடு இணைந்த ஆதார் ஆகியவற்றை ஏப்ரலிலேயே சரிபார்த்து வையுங்கள். மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் நடக்கிறது. விசைப்படகில் செல்லும் தகப்பனார் வீட்டிலிருக்கும் நாட்களில் வட்டாட்சியர் அலுவலக வேலையை முடித்துவிடுவது எளிது.

கல்லூரி திறப்பதற்கு முன் உள்ள வாரங்களில் ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கி, உங்கள் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் கடற்சொற்களை எழுதத் தொடங்குங்கள். காற்றின் பெயர்கள், வலையின் பெயர்கள், மீனின் பெயர்கள், படகின் உறுப்புகள். யார் சொன்னார், எந்த ஊர், எந்த நாள் என்பதையும் எதிரே குறியுங்கள். முதல் பக்கத்துக்கு உங்கள் ஆச்சியைக் கேளுங்கள். அவரிடம் இருக்கும் சொற்களில் சிலவற்றை நெய்தல் பாட்டில் முதல் பருவத்திலேயே சந்திப்பீர்கள்.